வீட்டில் அமாரோவும் விஸ்கியும் கலந்தால் இருமல் மருந்து மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

தக்கலைத் தூறல்

என் மச்சினன் போன மாதம் துபாயில் இருந்து வரும்போது அவெர்னா என்ற அமாரோ ஒரு பாட்டில் கொண்டுவந்தான். அமாரோ என்றால் இத்தாலியில் கசப்பு என்று அர்த்தம், சாப்பிட்ட பிறகு செரிமானத்துக்காகக் குடிக்கும் மூலிகைச் சாராயம் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதை விஸ்கியோடு சேர்த்து பிளாக் மன்ஹாட்டன் என்று ஒன்று செய்வார்கள் என்று படித்திருந்ததால் ஆசையாக உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி செய்தேன். மூன்றும் ஒரே மாதிரி. முதலில் ஒரு இனிப்பு, அப்புறம் அதிமதுரம் மாதிரி ஒன்று, கடைசியில் நாக்கில் பிசுபிசுப்பு. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு "இது பிள்ளைக்குக் கொடுக்குற இருமல் மருந்துல்லா" என்று தம்ளரைத் திருப்பித் தந்துவிட்டாள்.

நான் செய்தது இதுதான்: 60 மில்லி விஸ்கி (நம்ம ஊர் கடையில் கிடைக்கும் சாதாரண இந்திய விஸ்கி), 30 மில்லி அவெர்னா, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (சொட்டாக விடுகிற கசப்புச் சாறு) மூன்று சொட்டு. ஃப்ரிட்ஜ் டிரேயில் இருந்து இரண்டு ஐஸ் போட்டு, தம்ளரைக் கையில் பிடித்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் குடித்தேன். அளவு சரியாகத்தான் இருக்கிறது, படித்தபடியேதான் ஊற்றினேன். பாட்டிலை வீணாக்க மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி வாசல்

தம்பி, பாட்டிலில் தப்பு இல்லை. அவெர்னா சிசிலித் தீவில் கால்டனிசெட்டா என்ற ஊரில் 1868-இல் இருந்து செய்கிற சரக்கு, 29 சதவீதம். அமாரோக்களில் இனிப்பும் கனமும் கூடிய வகை அது. ஆரஞ்சுத் தொலி, கருகின சர்க்கரை, அதிமதுரம் மாதிரி வாசனை எல்லாம் அதில் இருக்கும். நான் வளைகுடாவில் ஒரு ஹோட்டல் பாரில் 11 வருஷம் நின்றவன், இந்தப் புகாரை நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். காரணம் மூன்று, உன் பதிவிலேயே மூன்றும் இருக்கிறது.

முதல் காரணம் விஸ்கி. பிளாக் மன்ஹாட்டன் 2000-களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவில் டாட் ஸ்மித் என்ற பார்டெண்டர் உண்டாக்கியது. பழைய மன்ஹாட்டனில் இருந்த இனிப்பு வெர்மூத்தை (மூலிகை சேர்த்த ஒயின்) எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவெர்னாவை வைத்தார். ஆனால் அவர் ஊற்றிய விஸ்கி ரை. ரை என்றால் நம்ம கம்பு என்று சிலர் நினைக்கிறார்கள், அது வேறே, கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியம். அந்த விஸ்கிக்கு மிளகு மாதிரி ஒரு காரமும், வாயை வறட்டுகிற தன்மையும் உண்டு. அவெர்னாவின் இனிப்பு அந்த வறட்சியில் போய் மோதி நிற்கும். நம்ம ஊர் விஸ்கியில் பெரும்பகுதி கரும்புக் கழிவுப்பாகில் காய்ச்சிய சாராயம், கொஞ்சம் மால்ட் (முளைகட்டிய பார்லியில் செய்த விஸ்கி) சேர்த்தது. அது குறைந்தது என்று சொல்லவில்லை, அதன் குணம் மிருது. மிருதுவான ஒன்றின் மேல் இனிப்பான ஒன்றை இரண்டுக்கு ஒன்று என்று ஊற்றினால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. நீ எடுத்த அளவு ரைக்கான அளவு.

இரண்டாவது குளிர். நாக்குக்கு இனிப்பு தெரிவது சூட்டைப் பொறுத்தது, குளிரக் குளிர இனிப்பு மங்கும். அதே சரக்கு ஜில்லென்று இருந்தால் கசப்பு முன்னால் நிற்கும், சூடு ஏறினால் இனிப்பு முன்னால் வந்துவிடும். உருகின ஐஸ்கிரீமைக் குடித்துப் பார், இதே பாட்டைச் சொல்லும். தக்கலைப் புழுக்கத்தில், அலமாரியில் இருந்து எடுத்த தம்ளரில், கைச்சூட்டில் பிடித்துச் சுற்றினால் எப்படிக் குளிரும்?

மூன்றாவது தண்ணீர். கலக்குவது குளிர வைக்க மட்டும் இல்லை, ஐஸ் உருகி அளவான தண்ணீர் சேருவதற்கும்தான். நாலு சுற்றில் அது நடக்காது, பிசுபிசுப்பு அப்படியே நிற்கும்.

இப்படிச் செய்து பார். தம்ளரை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வை. 60 விஸ்கிக்கு 15 மில்லி அவெர்னா போதும், அங்கோஸ்டுரா இரண்டு நல்ல உதறல். வேறொரு பெரிய பாத்திரத்தில் ஐஸை நிறையப் போட்டு, நீளக் கரண்டியால் அரை நிமிஷம் கலக்கி வடித்து ஊற்று. கடைசியில் ஆரஞ்சுத் தொலி. அது இல்லாமல் செய்யாதே.

கீரிப்பாறைக் கிராம்பு

அண்ணாச்சி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்தக் கசப்பு நமக்கு அன்னியம் என்று நினைத்துக்கொண்டு பயந்து பயந்து இனிப்பைக் கூட்டுகிறவர்கள்தான் அதிகம். நாம் பாகற்காயைத் தீயலாக வைத்துச் சாப்பிடுகிற ஆட்கள். சித்திரை ஒண்ணுக்கு வேப்பம்பூவும் வெல்லமும் ஒன்றாக வாயில் போடுகிற நாட்டுக்காரர்கள். நிலவேம்புக் குடிநீர் குடிக்காத வீடு டெங்கு காலத்தில் உண்டா?

இத்தாலிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் நம்ம நாட்டு மருந்துக் கடையைச் சாராயத்தில் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்து, பாட்டிலில் அடைத்தார்கள். ஜென்ஷியன் வேர், சிங்கோனாப் பட்டை, மாசிப்பத்திரிக்கு உறவான வோர்ம்வுட், ஆரஞ்சுத் தொலி, ஏலம், கிராம்பு, ஜாதிக்காய். மிலானில் 1845-இல் தொடங்கிய ஃபெர்னெட் பிராங்கா என்ற அமாரோவில் 27 மூலிகை. வெள்ளைப்போளம் உண்டு, கற்றாழை உண்டு, குங்குமப்பூவும் உண்டு. எங்கள் தாத்தா வைத்திருந்த மருந்துப் பெட்டியைத் திறந்தால் வந்த வாசனை எனக்கு ஃபெர்னெட்டை முதன்முதலில் முகர்ந்தபோது திரும்ப வந்தது. அன்றைக்கு அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமலே இருந்தேன்.

தக்கலைத் தூறல்

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அளந்து பார்த்தேன், அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

75 மில்லியை (60-உம் 15-உம்) இரண்டு தடவை கலக்கினேன். முதல் தடவை டிரேயில் இருந்த சின்ன ஐஸ். அதை முன்கூட்டியே கிண்ணத்தில் தட்டி வைத்திருந்ததால் மேலெல்லாம் ஈரம். அரை நிமிஷம் கலக்கி வடித்து அளந்தால் 118 மில்லி! கிட்டத்தட்ட 40 மில்லிக்கு மேல் தண்ணீர். வாயில் ஒன்றும் இல்லை, வெளுத்துப்போச்சு. இரண்டாவது தடவைக்கு முந்தின நாளே எவர்சில்வர் சம்புடத்தில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்திருந்த ஐஸ் கட்டியை ஃப்ரீசரில் இருந்து எடுத்த கையோடு சப்பாத்திக் கட்டையால் உடைத்து, பெரிய துண்டுகளாகப் போட்டேன். அதே அரை நிமிஷம், 95 மில்லி. இது வேறு பானம் அண்ணாச்சி. இனிப்பு இருக்கிறது, ஆனால் ஒதுங்கி நிற்கிறது. கடைசியில் ஒரு கசப்பு தொண்டையில் நின்று மெல்ல இறங்குகிறது. ஐஸ் ஈரமாக இருப்பதும் காய்ந்து இருப்பதும் இவ்வளவு வித்தியாசம் பண்ணும் என்று நான் நினைக்கவே இல்லை.

அளக்க என்னிடம் பெக் மெஷர் 30, 60 மட்டும்தான் இருந்தது. 15-க்கும் 5-க்கும் மருந்து பாட்டில் மூடிகளைக் கழுவி வைத்துக்கொண்டேன். அதில் கோடு போட்டிருப்பதால் வசதி.

தொலி விஷயத்தில் ஒரு சந்தேகம். கமலா ஆரஞ்சுத் தொலி மெல்லிசாக, பஞ்சு மாதிரி வருகிறது. எப்படிச் சீவுவது?

வடசேரி வாசல்

கொள்ளாம் மக்கா! அளந்து பார்க்கிற ஆளுக்குச் சொல்லித்தருவது சந்தோஷம்.

கமலாவில் உள்பக்கத்து வெள்ளையைக் கத்தியால் வழித்து எடுத்துவிடு, அந்த வெள்ளையின் கசப்பு நமக்கு வேண்டாம், அது வெறும் கசப்பு. முதலில் பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவு, சிலதில் மெழுகு பூசியிருக்கும். இரண்டு விரல் அகலத் துண்டு, நிறப்பக்கம் தம்ளரைப் பார்த்திருக்க, நடுவில் மடக்கி ஒரு அழுத்து. லைட்டுக்கு எதிரே பிடித்துச் செய்தால் எண்ணெய் புகை மாதிரித் தெறிப்பது கண்ணுக்குத் தெரியும். சரக்கின் மேல் மெல்லிசான படலம் ஒன்று மினுங்கும். அந்தத் தொலியால் தம்ளர் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிவிட்டு உள்ளே போடு. வாய் வைக்கும் முன் மூக்குக்கு அது போகும், அமாரோவில் உள்ள ஆரஞ்சு அப்போதுதான் விழிக்கும். நம்ம வீட்டு நார்த்தங்காய்த் தொலியும் பொருந்தும், ஆனால் காரமானது, பாதித் துண்டு போதும்.

குளச்சல் அலை

இடையில் வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் அவெர்னா இல்லை. காம்பாரி என்ற சிவப்பு நிறக் கசப்புச் சரக்கு ஒரு பாட்டில் இருக்கிறது, பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. விஸ்கியோடு இதைச் சேர்க்கலாமா? பேப்பர் பிளேன் என்று ஒன்று எலுமிச்சை போட்டுச் செய்வது பற்றிக் கேள்விப்பட்டேன், செய்து பார்த்தேன், புளிப்பு பல்லைக் கூசவைத்துவிட்டது. சொன்ன அளவுதான் பிழிந்தேன் அண்ணாச்சி.

வடசேரி வாசல்

தங்கச்சி, காம்பாரியும் விஸ்கியும் பழைய சோடி. பூலவார்டியே என்று பெயர். பாரிஸில் ஹாரி மெக்கெல்ஹோன் 1927-இல் போட்ட புத்தகத்தில் அது இருக்கிறது, எர்ஸ்கின் க்வின் என்ற அமெரிக்கர் அங்கே நடத்திய பத்திரிகையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். போர்பன் (சோளத்தில் செய்கிற அமெரிக்க விஸ்கி) 45, காம்பாரி 30, இனிப்பு வெர்மூத் 30. நம்ம ஊர் விஸ்கி என்றால் வெர்மூத்தை 20 ஆக்கிவிடு. வெர்மூத் என்பது ஒயினில் செய்தது, திறந்த பிறகு அலமாரியில் வைத்தால் நம்ம சூட்டில் சீக்கிரம் புளித்த வாடை வந்துவிடும், ஃப்ரிட்ஜில் வை, ஒரு மாதத்துக்குள் முடி. அவெர்னா, ஃபெர்னெட் எல்லாம் அப்படிக் கெடாது, சாராயமும் சர்க்கரையும் காக்கும். வெயில் படாமல் வைத்தால் போதும்.

பேப்பர் பிளேன் சாம் ராஸ் உண்டாக்கியது, சிகாகோவில் ஒரு பாருக்காக. போர்பன், ஆப்பெரோல், அமாரோ நொனினோ, எலுமிச்சைச் சாறு நாலும் சம அளவு. முதலில் அவர் காம்பாரி வைத்துத்தான் செய்தார், பிறகு ஆப்பெரோலுக்கு மாறினார். காம்பாரி 25 சதவீதம், கசப்பு அதிகம். ஆப்பெரோல் 11 சதவீதம்தான், இனிப்பு. ஆகவே நீ காம்பாரி வைத்துச் செய்வது அவருடைய முதல் வழி.

புளிப்புக்குக் காரணம் பழம். அங்கே எலுமிச்சை என்பது மஞ்சள் தொலி, பெரிய பழம், மென்மையான புளிப்பு. நம்ம சந்தையில் இருக்கும் சின்ன உருண்டை எலுமிச்சை அவர்கள் லைம் என்கிற ஜாதி, வாசனை கூர்மை, ஓரத்தில் ஒரு கசப்பும் உண்டு. மற்றது 22 மில்லி என்றால் நம்ம சாறு 15-இல் நிறுத்து. அன்றைக்குப் பிழிந்தது மட்டும். பழத்தை மேசையில் உருட்டிவிட்டு நறுக்கு, கொட்டையையும் தொலியையும் நசுக்காதே. சாறு சேருகிறதால் இதைக் குலுக்க வேண்டும், கலக்கக் கூடாது. சாறு இல்லாத பானத்தைக் கலக்கு, சாறு உள்ளதைக் குலுக்கு. ஷேக்கர் இல்லை என்றால் இறுக்கமான மூடி உள்ள கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில் போதும், ஒரு துணி சுற்றிக்கொள், கை வழுக்கும்.

மார்த்தாண்டம் தேனீ

இனிப்பு எல்லாம் வெளிநாட்டுச் சரக்கிலேயே போகிறதே, நம்ம ஊர் இனிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. டொராண்டோ என்று ஒரு பானம் இருக்கிறது. 60 மில்லி விஸ்கி, ஃபெர்னெட் 7, சர்க்கரைப் பாகு 7, அங்கோஸ்டுரா இரண்டு உதறல், ஐஸில் கலக்கி வடிப்பது. ஃபெர்னெட் 39 சதவீதம், கற்பூரம், புதினா மாதிரி மேலே ஏறும், அதிகம் ஊற்றினால் வேறு எதுவும் தெரியாது, ஆகவே 7 என்றால் 7. நான் பாகுக்குப் பதிலாகக் கருப்பட்டி வைத்துச் செய்கிறேன். கருப்பட்டியும் அதே எடை வெந்நீரும், கரைந்ததும் துணியில் இரண்டு தடவை வடிக்க வேண்டும், மண்ணும் சுண்ணாம்பும் அடியில் நிற்கும். பாகு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

அக்கானி (பதநீர்) காய்ச்சும் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த வாசனை தெரியும், அடுப்புப் புகையும் கருகின இனிப்பும் சேர்ந்தது. ஃபெர்னெட்டின் கசப்புக்கு அடியில் அது போய் உட்கார்ந்தால் பானத்துக்கு ஒரு தரை கிடைக்கிற மாதிரி இருக்கிறது. சீனி கலந்த கருப்பட்டி வாங்கினால் இந்தப் புகை வராது, வெறும் இனிப்புதான். தெரிந்த பனையேறி வீட்டில் வாங்குங்கள்.

வடசேரி வாசல்

கருப்பட்டி எனக்கும் பிடிக்கும். ஆனால் அவெர்னாவோடு சேர்க்காதே மக்கா, இரண்டிலும் கருகின சர்க்கரை, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இருட்டாகிவிடும். ஃபெர்னெட்டோடு சரி. மான்டெனெக்ரோ மாதிரி லேசானதோடு உங்கள் ஊர்த் தேன்தான் சரி. மான்டெனெக்ரோ பொலோன்யா ஊர்ச் சரக்கு, 1885-இல் இருந்து வருகிறது, 23 சதவீதம், 40 மூலிகை, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சும் முன்னால் நிற்கும். 60 விஸ்கி, 20 மான்டெனெக்ரோ, தேன் சம அளவு வெந்நீரில் கரைத்தது 5, நம்ம எலுமிச்சை 10, குலுக்கு. ரப்பர்ப்பூத் தேனைவிட மலைத்தேன் எனக்குப் பிடித்தம், அது அவரவர் நாக்கு.

மார்த்தாண்டம் தேனீ

அண்ணாச்சி, அவெர்னாவோடும் கருப்பட்டி நன்றாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம், அளவு குறைத்தால். அரை டீஸ்பூன்.

வடசேரி வாசல்

அரை டீஸ்பூன் என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோடு 5 மில்லி காம்பாரியும் விடு.

வெள்ளைச் சீருடை

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எல்லாவற்றையும் படித்தேன், நன்றாக எழுதுகிறீர்கள். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், வேலை அப்படி.

அமாரோ செரிமானத்துக்கு நல்லது என்று பேசும்போது அதை மருந்தாக நினைத்துவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மில்லி விஸ்கி 42.8 சதவீதம், அதில் சுத்தச் சாராயம் 25.7 மில்லி. 30 மில்லி அவெர்னாவில் 8.7. சேர்த்து 34.4. ஒரு ஸ்மால் (30 மில்லி) விஸ்கியில் 12.8 மில்லிதான். அப்படியானால் முதல் பதிவில் சொன்ன ஒரே ஒரு தம்ளர் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஸ்மால். ருசி இனிப்பாக இருப்பதால் வேகமாக இறங்கிவிடும், இரண்டாவது தம்ளர் ஊற்றும்போது "இரண்டுதானே" என்று தோன்றும். குடித்துவிட்டு வண்டி எடுத்தவர்களை ராத்திரி டூட்டியில் பார்க்கிறேன். வீட்டில் செய்து வீட்டிலேயே குடியுங்கள், சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

சர்க்கரை வியாதிக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சரக்கில் சர்க்கரையும் உண்டு, வெறும் வயிற்றில் சாராயம் சர்க்கரையைத் திடீரென்று இறக்கவும் செய்யும். மெட்ரோனிடசோல் (கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் மாத்திரை) எடுக்கும் நாட்களில் அறவே வேண்டாம்.

தக்கலைத் தூறல்

அக்கா, அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. முதல் மூன்று ராத்திரியும் இரண்டிரண்டு குடித்தேன். இனி ஒன்றுதான். சாப்பிட்ட பிறகுதான்.

கீரிப்பாறைக் கிராம்பு

வீட்டிலேயே கசப்புத் துளி செய்துகொள்வது பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், இங்கேயே எழுதுகிறேன். இது அமாரோ இல்லை, அங்கோஸ்டுராவுக்குப் பக்கத்தில் வைக்கிற ஒன்று. அங்கோஸ்டுரா 1824-இல் ஜோஹன் சீகெர்ட் என்ற டாக்டர் வெனிசுவேலாவில் வயிற்றுக்கோளாறுக்காகச் செய்தது, 44.7 சதவீதம். கசப்பும் வாசனையும் செறிந்தது, அதனால்தான் சொட்டுக் கணக்கில் ஊற்றுகிறோம்.

100 மில்லி கடையில் வாங்கிய வோட்கா. அதில் வெள்ளை நீக்கி நிழலில் காயவைத்த கமலாத் தொலி ஒரு பழத்தின் அளவு, ஜாதிபத்திரி ஒரு இதழ், நம்ம மலைக் கிராம்பு ஒன்று. ஒன்று என்றால் ஒன்றுதான். மாறாமலையிலும் பாலமோரிலும் விளைகிற கிராம்பில் எண்ணெய் அதிகம், இரண்டு போட்டால் பல்வலி மருந்து வாசனை வந்துவிடும். இதை இரண்டு வாரம் இருட்டில் வைக்கவும். நிலவேம்பை இதில் போடாதீர்கள். அதைத் தனிப் பாட்டிலில் 30 மில்லி வோட்காவில் ஒரு சிட்டிகை ஊறவைத்து ஒரே நாளில் வடித்துவிடுங்கள், கசப்பு ரொம்பச் சீக்கிரம் இறங்கும். பிறகு வாசனைப் பாட்டிலில் இருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அதில் நிலவேம்பைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நாக்கில் பாருங்கள். தனித்தனியாக வைத்தால் கசப்பு உங்கள் கையில் இருக்கும், சேர்த்து ஊறவைத்தால் நீங்கள் கசப்பின் கையில்.

ஜாதிக்காயைத் தாராளமாகத் துருவிப் போடலாம் என்று எங்கேயாவது பார்த்தால் நம்பாதீர்கள், அளவு மீறினால் அது விஷம். வேர், கிழங்கு எதையும் காட்டில் இருந்து பறித்துப் போடாதீர்கள். எங்கள் வேலியோரம் முழுக்கச் செங்காந்தள் ஏறிக் கிடக்கிறது, மாநிலப் பூ, பார்க்க அழகு, அதன் கிழங்கில் உயிரை எடுக்கிற கொல்கிசின். கடையில் பெயர் சொல்லி வாங்குவதை மட்டும் பயன்படுத்துங்கள். சாராயத்தை வீட்டில் காய்ச்சுவது குற்றம், அதைப் பற்றி இங்கே யாரும் கேட்கவும் வேண்டாம்.

வெள்ளைச் சீருடை

நிலவேம்பு கர்ப்பிணிகளுக்குக் கூடாது, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் வேண்டாம். சொட்டாக இருந்தாலும். கர்ப்பிணிகளுக்குச் சாராயமே கூடாது, அது வேறே.

முட்டம் பாறை

நான் வேறு கட்சி. நல்ல விஸ்கியில் எதையும் கலக்கக் கூடாது, நல்ல அமாரோவிலும் எதையும் கலக்கக் கூடாது என்பது என் பழக்கம். கலந்தால் இரண்டையும் செய்தவர்களுடைய உழைப்பு மறைந்துபோகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரச்சீனியும் சாளைக் கறியும் சாப்பிட்டுவிட்டு, குளிர வைத்த அவெர்னா 30 மில்லி மட்டும், ஒரு ஐஸ், ஒரு ஆரஞ்சுத் துண்டு. வயிறு கனமாக இருக்கும்போது அந்தக் கசப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தனியாகக் குடித்தால்தான் தெரியும்.

வடசேரி வாசல்

முட்டத்துக்காரர் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். இத்தாலியில் அப்படித்தான் குடிப்பார்கள். எந்தப் புது அமாரோவையும் முதலில் தனியாக ஒரு ஸ்பூன் நாக்கில் வைத்துப் பார்க்காமல் கலக்கவே கூடாது, எது எவ்வளவு இனிப்பு என்று தெரியாமல் அளவு சொல்ல முடியாது.

மற்றப் பாதியில் சம்மதம் இல்லை. நல்ல சிங்கிள் மால்ட்டை யாரும் இதில் ஊற்றச் சொல்லவில்லை, அம்ருத் ஃபியூஷன் மாதிரி ஒன்று கையில் இருந்தால் அதைத் தனியாகத்தான் குடிப்பேன். ஆனால் அவியலில் முருங்கைக்காய் மறைந்துபோகிறதா? ஏத்தங்காயும் சேனையும் தனித்தனியாகத் தெரிகிறது, மூன்றும் சேர்ந்தும் ஒன்று தெரிகிறது. அளவு சரியாக விழுந்த தம்ளரில் முதல் வாய் விஸ்கி, நடு வாய் ஆரஞ்சும் சர்க்கரையும், விழுங்கின பிறகு வேர்க் கசப்பு. மூன்றும் வரிசையாக வரும். ஹோட்டலில் நின்ற காலத்தில் அந்த வரிசை கலையாமல் ஒரு தம்ளர் வந்தால் அன்றைக்கு முழுவதும் மனசு நிறைந்திருக்கும், குடிக்கிறவர் சொல்லவே வேண்டாம், முகத்தில் தெரியும்.

குளச்சல் அலை

காம்பாரி பேப்பர் பிளேன் இன்றைக்கு வந்துவிட்டது! அமாரோ நொனினோ இல்லாததால் பக்கத்து வீட்டு அக்கா தந்த மான்டெனெக்ரோ. விஸ்கி 22, காம்பாரி 15, மான்டெனெக்ரோ 22, எலுமிச்சை 15. காம்பாரியைக் குறைத்தது என் யோசனை. அப்புறம் புத்தளம் கல்லுப்பை வெந்நீரில் கரைத்து இரண்டே சொட்டு விட்டேன், உப்பு கசப்பை அடக்கும் என்று பாகற்காய் நறுக்கும்போது அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. அடக்கிவிட்டது. சாய்ந்தரம் வானம் போகிற நிறத்தில் இருக்கிறது தம்ளர். கடிக்க வறுத்த அண்டிப்பருப்பு.

வடசேரி வாசல்

உப்பு போட்டாயா! நான் சொல்ல மறந்தது அது. பாரில் நாங்களும் வைத்திருப்போம், 20 கிராம் உப்புக்கு 80 மில்லி தண்ணீர், சொட்டு பாட்டிலில். நீயே கண்டுபிடித்துவிட்டாய் தங்கச்சி.

தக்கலைத் தூறல்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். நேற்று மழை, கரண்ட் இல்லை, ஐஸ் மட்டும் சம்புடத்தில் கெட்டியாக இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்தேன். எனக்கு அமைந்த அளவு இது: விஸ்கி 60, அவெர்னா 15, காம்பாரி 5 (குளச்சல்காரர் சின்ன பாட்டிலில் ஊற்றித் தந்தார், நன்றி), அங்கோஸ்டுரா இரண்டு உதறல், உப்புநீர் ஒரு சொட்டு. பெரிய ஐஸ், அரை நிமிஷம். கமலாத் தொலி. இதைப் பாதியாகப் பிரித்து இரண்டு சின்னத் தம்ளரில் ஊற்றினேன், அக்கா சொன்ன கணக்குக்கு அதுதான் சரி என்று பட்டது.

தொலியை அழுத்தினபோது எண்ணெய் மெழுகுவர்த்தியில் பட்டு ஒரு சின்னப் பொறி வெடித்தது, அறை முழுக்க ஆரஞ்சு வாசனை. மனைவி தன் தம்ளரைத் திருப்பித் தரவில்லை. "கசக்குது, ஆனா போதும்னு தோணல" என்றாள்.

பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. மச்சினன் ஓணத்துக்கு வருகிறான். அடுத்ததாக எதைக் கொண்டுவரச் சொல்லட்டும், மான்டெனெக்ரோவா, சினாரா?

வடசேரி வாசல்

உன் விஸ்கிக்குச் சினார். ஆர்டிசோக் இலையில் செய்தது, 16.5 சதவீதம்தான், ஆனால் மண்ணும் இலையுமாக ஒரு கசப்பு, அவெர்னா அளவு இனிப்பு முன்னால் வராது. அதை 25 மில்லி வரைக்கும் ஊற்றலாம். திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வை. வெளிநாட்டில் இருந்து வருகிறவருக்கு வரி இல்லாமல் 2 லிட்டர்தான், அதற்குள் வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று முதலில் அவனிடம் கேட்டுக்கொள்.